மனசுக்கு ஒரு துளி: மலைத் தைலக் கடைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"அக்கா, தலைவலிக்கு இருக்குற மாதிரி மனசுக்கு ஏதாவது தைலம் இருக்கா?"

குன்னூரில் ஒரு தைலக் கடை கவுன்ட்டருக்குப் பின்னால் ஒன்பது வருஷம் நின்றிருக்கிறேன். மூட்டுவலிக்குக் கேட்பவர்கள் சத்தமாகக் கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தோட்டத்து வேலைக்குப் போகிற அக்காமார், கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளைகள், பச்சைத் தேயிலை விலை விழுந்த வருஷம் கடனில் மாட்டிய ஓர் அண்ணன் என்று பலர். எனக்கே அந்தக் காலத்தில் ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வரும். அதனால் கேட்பவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும்.

அவர்களுக்கு நின்று நிதானமாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். சுருக்கமான பதில் இதுதான்: பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்க, தூக்கத்துக்கு வழிவிட, சில வாசனை எண்ணெய்கள் உதவும். நோயைத் தீர்க்காது. எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் எடுத்தால் தீங்கும் செய்யும். மூன்றையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்களைப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்

பரீட்சைக்கு முன், வீட்டில் சண்டைக்குப் பின், பிள்ளை வீடு வந்து சேரும் வரை வருகிற படபடப்பு எல்லோருக்கும் உண்டு. அதற்கு இந்தக் கட்டுரையில் உள்ளது போதும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, கிட்டத்தட்ட தினமும், எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குக் கிளம்பவே முடியவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவர்தான் முதல் படி. எண்ணெய் பக்கத்தில் நிற்கும் துணை மட்டும்.

படபடப்புக்கு உடம்பிலும் காரணம் இருக்கலாம். தைராய்டு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். எனக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தது என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு வருஷமும் எல்லாமே மனசுதான் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் எந்தப் புட்டியையும் தேடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இருக்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் பேசலாம். பேசி முடிக்கும் வரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அலமாரியில் இருப்பது என்னென்ன

ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு தைலக் கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது யூகலிப்டஸ். நாம் கற்பூர மரம் என்று சொல்வோமே, அதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து விறகுக்காக இந்த மலையில் நட்ட மரம். உதிர்ந்த இலையைக் கூட்டி மூட்டை கட்டி, காட்டோரக் கொட்டகையில் பெரிய அண்டாவில் திணித்து, அடியில் தீ மூட்டுவார்கள். இலையின் வழியாக ஏறுகிற ஆவி குழாயில் போய், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுருளாக ஓடி, கடைசியில் சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீர் கீழே நிற்க, தைலம் மேலே மிதக்கும். நூறு கிலோ இலைக்குச் சுமார் ஒரு கிலோ தைலம் கிடைத்தால் அது நல்ல வடிப்பு. அவித்த இலையையே காயவைத்து அடுத்த அண்டாவுக்கு எரிப்பார்கள். அவ்வளவு இலையின் சாரம் ஒரு சின்னப் புட்டிக்குள் அடங்கியிருக்கிறது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தால், எதற்காகத் துளிக் கணக்கில் பேசுகிறோம் என்பது விளங்கிவிடும்.

ஆனால் யூகலிப்டஸ் மனசுக்கான எண்ணெய் இல்லை. அதில் முக்கியமாக இருப்பது சினியோல் என்ற வேதிப்பொருள். மூக்கடைப்பு, சளி, தசைப்பிடிப்புக்கு நல்லது. மனதைத் தட்டி எழுப்பும், அமைதிப்படுத்தாது. ராத்திரி பதற்றத்துக்கு இதை முகர்ந்தால் விழிப்புதான் கூடும்.

விண்டர்கிரீன் தைலமும் நம் மலைக் கடைகளில் உண்டு. மூட்டுவலிக்கானது. மனசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதன் ஆபத்தைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பதற்றத்துக்கு நான் கைகாட்டுவது நான்கு. ஒன்று ஜெரேனியம். இலையில் ரோஜா மணமும் கொஞ்சம் புதினா மணமும் கலந்து வீசும் செடி. நீலகிரியிலும் பழனி மலையிலும் எண்ணெய்க்காகப் பயிரிட்டிருக்கிறார்கள். இரண்டாவது லாவெண்டர். இதைப் பற்றித்தான் ஆய்வுகள் அதிகம். ஊட்டியில் விற்பதால் ஊட்டியில் விளைந்தது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் லாவெண்டர் பெருவாரியாக விளைவது ஜம்மு பக்கம், தோடா மாவட்டத்துப் பதர்வாவில். மூன்றாவது ஆரஞ்சுத் தோல் எண்ணெய். விலை குறைவு, பிடிக்காதவர்கள் குறைவு. வியன்னாவில் பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களிடம் இந்த மணத்தை வைத்துப் பார்த்தபோது, பெண்களிடம் பயம் குறைந்திருந்தது என்று 2000இல் வந்த ஆய்வு சொல்கிறது. நான்காவது வெட்டிவேர். இதற்கு ஆய்வு அதிகம் இல்லை. பானைத் தண்ணீரிலும் தட்டியிலும் நம் மூக்கு சின்ன வயதிலிருந்தே பழகிய மணம் என்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.

எலுமிச்சைப்புல் எண்ணெய்? மணம் அருமை, அறைக்கு நல்லது. தோலுக்கு முரடு. ஒருமுறை கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் அதை அப்படியே கழுத்தில் தேய்த்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கழுத்து முழுக்கச் சிவந்து எரிந்தது, தோல் உரிய ஒரு வாரம் ஆனது. கலக்காமல் எதையும் தோலில் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன்.

வாங்கும்போது

புட்டி கண்ணாடியாக இருக்க வேண்டும், பழுப்பு அல்லது நீல நிறத்தில். வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும், சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். லேபிளில் செடியின் தாவரவியல் பெயரும், தயாரித்த மாதமும் இருக்கிறதா என்று பாருங்கள். 'பெர்ஃப்யூம் ஆயில்', 'ஃபிராக்ரன்ஸ்' என்று போட்டிருந்தால் அது செயற்கை மணம். துணிக்குப் போட்டுக்கொள்ளலாம், இந்த வேலைக்கு வேண்டாம்.

ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டு மறுநாள் பாருங்கள். சுத்தமான லாவெண்டரோ யூகலிப்டஸோ ஏறக்குறைய முழுதும் ஆவியாகியிருக்கும். சமையல் எண்ணெய் பட்டது போல வழவழப்பான கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் போன்ற கனமான எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை மெதுவாகத்தான் போகும்.

விலையும் ஒரு சாட்சி. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூன்று டன்னுக்கு மேல் பூ வேண்டும். சந்தன எண்ணெய் என்றால் பல வருஷம் நின்ற மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை வேண்டும். இவை ஆரஞ்சு எண்ணெய் விலையில் கிடைத்தால் புட்டிக்குள் இருப்பது வேறு ஏதோ. புதியவர்கள் இவற்றின் பக்கமே போக வேண்டாம். 10 மில்லி ஜெரேனியமோ லாவெண்டரோ ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஒரு புட்டி ஆறு மாதம் வரும்.

எது என்பதை மூக்கு சொல்லட்டும்

புட்டியை நேராக மூக்கில் வைக்காதீர்கள். காகிதத் துண்டில் ஒரு துளி விட்டு, மூன்று விரல்கடை தள்ளிப் பிடித்து, கண்ணை மூடி மெதுவாக முகருங்கள். இரண்டு மூன்று எண்ணெய்க்கு மேல் ஒரே நாளில் வேண்டாம், மூக்கு மரத்துவிடும்.

கவனிக்க வேண்டியது, மணம் நன்றாக இருக்கிறதா என்பதைவிட, அது எதை ஞாபகப்படுத்துகிறது என்பது. பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளைக்குள் தலாமஸ் என்ற வாசலில் நின்று பிறகுதான் உள்ளே போகும். மணம் மட்டும் கொல்லைப்புற வழியாக நேராக அடுப்படிக்கே வந்துவிடும் சொந்தக்காரர் மாதிரி. பயத்துக்கான அமிக்டலா, ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் என்று போய் நின்றுவிடும். மூக்கு எப்படி ஆயிரக்கணக்கான மணங்களைப் பிரித்தறிகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2004இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதனால் ஒருவருக்கு இதமான மணம் இன்னொருவருக்கு வேதனையாக இருக்கலாம். ரோஜா மணம் என்றாலே கணவரை வீட்டில் கிடத்தியிருந்த அன்று குவிந்த மாலைகள்தான் ஞாபகம் வருகின்றன என்று ஓர் அம்மா சொன்னார்கள். ஜெரேனியத்திலும் அந்தச் சாயல் இருப்பதால் அவர்களுக்கு ஆரஞ்சு எடுத்துக்கொடுத்தேன். புத்தகம் என்ன சொன்னாலும் உங்கள் நெஞ்சு சுருங்கினால் அந்த எண்ணெய் உங்களுக்கு வேண்டாம்.

கைக்குட்டை முறை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, படபடப்பு வந்த பிறகு புட்டியைத் தேடி ஓடுவது. புது மணம், பயந்த மூளை, இரண்டும் சேர்ந்தால் அந்த மணமே பயத்தின் அடையாளமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு வாரம், மனம் நன்றாக இருக்கும் நேரத்தில் மட்டும் பழகுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். எனக்கு அது சாயங்கால டீ குடித்து முடித்த பிறகு, சமையலறை ஜன்னலோர ஸ்டூல்.

சின்னப் பருத்திக் கைக்குட்டையின் ஒரு மூலையில் ஒரு துளி. ஒன்றே ஒன்று. அது காய ஒரு நிமிஷம் விடுங்கள், ஈரமாக இருக்கும்போது முகத்தில் பட்டால் எரியும். உட்காருங்கள், இரண்டு காலும் தரையில் பதியட்டும். கைக்குட்டையை மார்புக்கு நேராகப் பிடித்தாலே போதும், மணம் வரும். நான்கு எண்ணும் வரை மூக்கால் உள்ளே இழுங்கள், ஆறு எண்ணும் வரை வாயால் மெதுவாக விடுங்கள். இப்படிப் பத்து முறை. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. மூச்சை விடுவது இழுப்பதைவிட நீளமாக இருப்பதுதான் முக்கியம். இதயத் துடிப்பைத் தணிப்பது அந்த நீண்ட வெளிமூச்சுதான், மணம் அதற்குக் கைப்பிடி மாதிரி. மணத்தில் கவனம் இருப்பதால் எண்ணிக்கை தப்பாது, எண்ணிக்கை தப்பாததால் மனம் ஓடாது.

நாலைந்து நிமிஷத்தில் மணமே தெரியாமல் போகும். எண்ணெய் தீர்ந்துவிடவில்லை, மூக்கு பழகிவிட்டது. இன்னொரு துளி விடாதீர்கள்.

இரண்டு வாரம் இப்படிப் பழகிய பிறகு, பதற்றம் வரும் நேரத்தில் அதே கைக்குட்டையை எடுங்கள். எனக்கு அது முதலில் வேலை செய்தது பேருந்தில். கோயம்புத்தூருக்குப் போக மேட்டுப்பாளையம் இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். பர்லியாறு தாண்டி, ஒரு லாரிக்காக வண்டி நின்றது. ஜன்னல் பக்கம் பாறை, இந்தப் பக்கம் ஆள், முன்னால் புகை. கழுத்து வியர்த்து, விரல் நுனி மரத்து, இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்தேன். முதல் மூன்று மூச்சு ஒன்றுமே ஆகவில்லை. ஆறாவதோ ஏழாவதோ மூச்சில் சமையலறை ஜன்னல் ஞாபகம் வந்தது, ஸ்டூலின் ஆட்டம் ஞாபகம் வந்தது. பயம் போகவில்லை. ஆனால் அதன் அளவு குறைந்தது, உட்கார்ந்திருக்க முடிந்தது. லாரி நகர்ந்தது, கல்லார் வந்தது. இவ்வளவுதான் இந்த முறை தரும். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயம்.

பேருந்தில் கைக்குட்டையை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஆஸ்துமா இருக்கலாம், வாந்தி வரலாம். ரோல்-ஆன் திறந்து காற்றில் வீசுவதெல்லாம் வேண்டாம்.

ராத்திரிக்குக் காலில் தேய்க்க

தூக்கம் வராதவர்களுக்கு இது நல்லது. 10 மில்லி சாதா எண்ணெய்க்கு 2 துளி வாசனை எண்ணெய். இது ஒரு சதவீதம், புதியவர்களுக்கு இதுவே போதும். 30 மில்லி புட்டி என்றால் 6 துளி.

சாதா எண்ணெய் எது என்பதில் மலைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஊட்டியில் வருஷத்தில் பெரும்பாலான நாள் அது கட்டிதான். கட்டியில் துளி சரியாகக் கலக்காது, ஓரிடத்திலேயே தங்கித் தோலைச் சுடும். கலப்பதற்கு முன் வெந்நீரில் புட்டியை நிறுத்தி உருக்கிக்கொள்ளுங்கள், அல்லது பாதாம் எண்ணெய் எடுங்கள். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் அதன் சொந்த மணம் தூக்கலாக இருக்கும். வெட்டிவேரோடு மட்டும் அது ஒத்துப்போகும்.

முதல் தடவை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் தொடருங்கள். படுக்கப் போகும் முன் பாதத்தில், கணுக்காலில், ஐந்து நிமிஷம் தேய்த்துவிட்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இன்னொருவருக்குத் தேய்த்துவிடுவது இன்னும் நல்லது. என் அம்மா நாள் முழுக்கத் தேயிலை கிள்ளிவிட்டு வந்தவர். நான் அவருக்குத் தேய்த்துவிட்ட அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எனக்கே தூக்கம் வந்தது.

டிஃப்யூசர், அதாவது அறையில் மணம் பரப்பும் கருவி, பற்றி ஒரு வார்த்தை. வாங்கியே ஆக வேண்டியதில்லை. வாங்கினால் மூன்று நான்கு துளி, இருபது நிமிஷம், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். தண்ணீரை நீராவி போல ஊதும் வகை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் வீடுகளுக்குச் சரிவராது. ஏற்கெனவே சுவரில் பூஞ்சை பிடிக்கும் காலம், அதில் இன்னும் ஈரம் எதற்கு? உறைபனி மாதங்களில் காற்று வறண்டிருக்கும்போது பயன்படும். கரி அடுப்பில் தைலம் விட்டு, குளிருக்குக் கதவையும் மூடிக்கொண்டு படுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய அறைக்குள் கரி எரித்துத் தூங்கியவர்கள் நச்சுப்புகையில் இறந்த செய்திகளை நம் மலைகளில் படித்திருக்கிறோம்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

எந்த எண்ணெயையும் குடிக்காதீர்கள். தேனில், பாலில், வெந்நீரில் ஒரு சொட்டு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜெர்மனியில் லாவெண்டர் எண்ணெயை 80 மில்லிகிராம் மாத்திரையாக, மருந்துத் தரத்தில் தயாரித்துக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. 2010இல் வந்த ஓர் ஆய்வில் 77 பேருக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்ததில், லோரசெபாம் என்ற பதற்ற மாத்திரைக்கு நிகராகப் பலன் இருந்தது. ஆனால் அது அளவும் தரமும் கட்டுப்படுத்திய மாத்திரை. கடைப் புட்டியிலிருந்து வாயில் விடுவது வேறு. முகர்வதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மணத்தை ஒளித்துவைத்துச் சோதிக்க முடியாது என்பதால் நம்பிக்கையின் பங்கையும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. மனச்சோர்வைவிடப் பதற்றத்துக்குத்தான் பலன் சற்றுத் தெளிவாகத் தெரிகிறது.

விண்டர்கிரீன் தைலம் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினின் உறவு. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இருபது மாத்திரைக்கு மேல். சின்னப் பிள்ளை குடித்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இதைத் தோலில் தேய்ப்பதற்குக்கூட மருத்துவரைக் கேட்க வேண்டும். இதன் மணம் மிட்டாய் மாதிரி இருக்கும், பிள்ளைகளை இழுப்பது அதுதான். பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள்.

யூகலிப்டஸும் அப்படித்தான். கொஞ்சம் உள்ளே போனாலும் பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புட்டியையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கைக்குழந்தைக்குச் சளி என்று தலையணையில் யூகலிப்டஸ் தெளிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். குழந்தையின் மூச்சுக்குழாய் இறுகிப்போகலாம்.

வலிப்பு நோய் இருப்பவர்களுக்கு யூகலிப்டஸ், ரோஸ்மேரி, கற்பூரம் மூன்றும் ஆகாது. முகர்ந்ததிலும் தேய்த்ததிலும் வலிப்பு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் டிஃப்யூசர் வேண்டாம், இந்த எண்ணெய்களை அதன் ஈரலால் சரியாக உடைக்க முடியாது.

எலுமிச்சை எண்ணெயையும், பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயையும் தோலில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகும். மலை உச்சி வெயிலில் சுடுவது தெரியாது, ஆனால் தோலைத் தாக்கும் கதிர் சமவெளியைவிட இங்கே அதிகம்.

குளிக்கும் தண்ணீரில் சொட்டு விடுவதும் நல்லதில்லை. எண்ணெய் கலக்காமல் மேலே மிதந்து, படுகிற இடத்தில் எரியும்.

சோர்வாக இருக்கும் காலைகளுக்கு

பதற்றம் ஓடச் சொல்லும், சோர்வு எழுந்திருக்கவே விடாது. வாரக்கணக்கில் மூடுபனி இறங்கி எதிர்வீடே தெரியாத ஜூலைக் காலைகளில், போர்வைக்குள் கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாள் எனக்கும் உண்டு. அந்த நேரத்தில் லாவெண்டர் வேண்டாம், அது இன்னும் படுக்கத்தான் சொல்லும். ஆரஞ்சு எண்ணெய்ப் புட்டியையும் கைக்குட்டையையும், முந்தின ராத்திரியே, படுக்கையிலிருந்து கை எட்டாத ஜன்னல் படியில் வையுங்கள். அவற்றை எடுக்க எழ வேண்டும், எழுந்தால் திரையை விலக்க வேண்டும். விலக்கிய பிறகு கைக்குட்டையில் ஒரு துளி விட்டு, ஜன்னலோரம் நின்றபடியே பத்து மூச்சு. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு தெரு முனை வரை. வெயில் அடித்தால் இன்னும் கொஞ்ச தூரம், குன்னூர்க்காரர்கள் என்றால் சிம்ஸ் பூங்கா வாசல் வரை.

சோர்வை இளக்குவது வெளிச்சமும் நடையும்தான். எண்ணெயின் வேலை உங்களை ஜன்னல் வரை கொண்டுவருவது. எழவே முடியாத காலைகள் தொடர்ந்தால் உங்கள் மீது கோபப்படாதீர்கள். அது சோம்பல் இல்லை, மருத்துவம் தேவைப்படுகிற நிலை.

நோட்டும் மருத்துவரும்

ஒரு பள்ளிக்கூட நோட்டில் தினமும் மூன்று எண் எழுதுங்கள்: பதற்றம் பத்துக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினேன், எண்ணெய் எடுத்தேனா. நாலு வாரம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் தொடரலாம். இறங்கவே இல்லையென்றால் எண்ணெயை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சீட்டுப் போடும் இடத்தில் மனநல மருத்துவர் எந்த நாளில், எந்த அறையில் பார்க்கிறார் என்று கேட்டாலே சொல்வார்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், எண்ணெய் இதமாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை எல்லாம் திரும்பி வரும். என்னென்ன எண்ணெய், எத்தனை துளி என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் புட்டியையே கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை விட வேண்டாம்மா, இதோட இந்த மாத்திரையும்" என்று எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக ஒன்று. புட்டியைத் திறந்த அன்றே ஒரு சின்னக் காகிதத்தில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். ஆரஞ்சு ஒரு வருஷம், லாவெண்டரும் ஜெரேனியமும் இரண்டு வருஷம். காற்றுப்பட்டுப் பழசான எண்ணெய்தான் தோலில் அதிகமாக ஒவ்வாமை கிளப்பும். மணம் புளித்தது போலவோ வார்னிஷ் போலவோ மாறியிருந்தால் அந்தப் புட்டியை எடுத்துவிட்டு, புதிதாக 10 மில்லி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.